பிள்ளை பிறக்குமுன் தகப்பன் தயாராக வேண்டும்

(தோட்டக் கிளைச் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் செயற்குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



வழக்கமாக இந்த மேசைக்குப் பின்னால் நின்று நாம் பேசுவது ரப்பர் விலை, போனஸ், ஒழுகும் கூரை, தண்ணீர்க் குழாய் ஆகியவற்றைப் பற்றித்தான். இன்று பேச எடுத்துக்கொண்டது வேறு விஷயம். மனைவி முழுகாமல் இருக்கும் வீட்டில் புருஷன் குடித்துக்கொண்டிருப்பதைப் பற்றிப் பேசப் போகிறோம். செயற்குழுவில் இதை எடுத்தபோதே ஒரு மூத்த தோழர், "ஐயா, வீட்டுக்குள் நடப்பதில் சங்கத்துக்கு என்ன வேலை? சம்பளம் கேட்பதோடு நிறுத்திக்கொள்வோமே" என்றார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. ஆகவே அதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறோம்.

1941-ம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் பாட்டன்மார் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆர். எச். நாதன் போன்றவர்கள் முன்னின்றார்கள். அவர்கள் வைத்த கோரிக்கைகள் என்னென்ன? சம்பளத்தை உயர்த்து என்றார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். அவற்றோடு சேர்த்து, தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடு என்றும் கேட்டார்கள். அந்தக் கோரிக்கைகளுக்குப் பதிலாகத் துப்பாக்கிதான் வந்தது. யுத்தம் முடிந்து 1946, 1947-ல் கெடாவில், ஹார்வார்டு தோட்டத்து ஏ. எம். சாமியும் அவருடைய தொண்டர் படையினரும் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். பீடோங்கில் போலீசோடு மோதல் வந்து உயிர்ச் சேதமும் ஏற்பட்டது. சம்பளமும் குடியும் ஒரே கணக்குப் புத்தகத்தின் இரண்டு பக்கங்கள் என்று கையெழுத்துப் போடத் தெரியாத காலத்திலேயே நம்மவர்கள் தெரிந்து வைத்திருந்தார்கள். ஒரு பக்கத்தில் வரவைக் கூட்டப் போராடிவிட்டு, மறுபக்கத்தில் அது போகும் வழியைப் பார்க்காமல் இருக்க அவர்களால் முடியவில்லை. எங்களாலும் முடியவில்லை.

அந்தப் போராட்டத்துக்கும் நம் நிலைமைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அன்று எதிரி கண்ணெதிரே இருந்தான். தோட்டத்துக்குள்ளேயே கடை, கடைக்கு ஒரு லைசென்ஸ், மாலையானால் வரிசை. மறியல் செய்ய ஒரு வாசல் இருந்தது. இன்று நம் தோட்டத்தில் கள்ளுக்கடை இல்லை. பழைய கடையின் சிமெண்டுத் தரை மட்டும் செம்பனைக் கன்றுகளுக்கு நடுவே கிடக்கிறது. குடி மட்டும் போகவில்லை. மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்ச் சின்னப் போத்தலாகச் சட்டைப்பையில் வீட்டுக்குள் வருகிறது. கள்ளில் இருக்கும் போதை பீரை ஒட்டியது. இந்த மலிவுச் சம்சுவோ அதைப் போலப் பல மடங்கு. வாசல் இல்லாத கடையை எங்கே போய் மறிப்பது?

செக்ரோல் எழுதுகிறவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. வேண்டாம் என்றாலும் மற்றவர் வீட்டுக் கதை எண்களாக வந்து கண்ணில் படும். சம்பளம் விழுந்த மறுநாள் காலைப் பிரட்டில் பெயர் கூப்பிட்டால் பதில் வராத நிரைகள் எவை, ஒன்பது மணிக்குமேல் பால் வற்றிய மரத்தை வெட்டிவிட்டுக் கால் வாளிப் பாலோடு ஸ்டோருக்கு வருகிறவர் யார், மாதம் பாதிகூட ஆகுமுன் முன்பணம் கேட்டு ஆபீஸ் ஜன்னலில் நிற்பது யார் என்பதெல்லாம் தெரியும். இவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். சிலர் கல்யாணமான புதிதில் ஒரு நாள்கூடத் தவறாமல் பிரட்டுக்கு வந்தவர்கள். மனைவி உண்டானாள் என்ற சேதி வந்த பிறகுதான் குடி கூடியது.

ஏன் அப்படி? இதைப் பற்றி நாங்கள் நிறைய யோசித்துப் பார்த்தோம். பலரிடம் நிதானமாக இருக்கும் வேளையில் கேட்டும் பார்த்தோம். ஒரு தம்பி சொன்னது மனத்தில் நின்றது: "கிராணியாரே, அவளுக்கு வாந்தி. அவளைச் சுற்றி அவள் அம்மா, என் அம்மா, பக்கத்து வீட்டு அக்கா. நான் அடுப்படிக்குள் போனால், 'நீ போய் வெளியே உட்காரப்பா' என்கிறார்கள். வெளியே உட்கார்ந்தால் சினேகிதர்கள் இருக்கிறார்கள். சினேகிதர்கள் இருந்தால் போத்தல் இருக்கிறது." பிள்ளைப்பேறு என்றால் அது பெண்கள் காரியம் என்று ஆண்பிள்ளையை வாசலுக்கு அனுப்பி வைத்தது நாம்தான். வாசலில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் நாம் பார்க்கவில்லை.

அதிலும் தலைச்சன் பிள்ளை என்றால் நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு. முன்புறம் ஐந்து வகைச் சோறு, வளையல், சந்தனம். பின்புறம் கோழிக் கூண்டுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளைக்கும் அவர் கூட்டாளிகளுக்கும் இரண்டு பெட்டி பீர். விருந்து முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். பிறகு மூன்று மாதம், நான்கு மாதம் அந்த லயத்து வீட்டில் மாப்பிள்ளை தனியாள். காலை நாலரைக்கு எழுந்து வெட்டப் போய், இரண்டு மணிக்குத் திரும்பி, சமைக்க ஆள் இல்லாமல், பேச ஆள் இல்லாமல் கிடக்கிறான். பழக்கம் பிடித்துக்கொள்வதற்கு இதைவிட வசதியான ஏற்பாட்டை எந்தச் சாராயக்காரனும் செய்து கொடுக்க மாட்டான். தாய்வீட்டுக்குப் போகும் வழக்கத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. பெற்ற தாயின் கை அந்த நேரத்தில் வேண்டும். மாப்பிள்ளையையும் வாரத்துக்கு இரண்டு நாள் அங்கே வரச் சொல்லுங்கள் என்கிறோம். அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். தொட்டில் கட்டட்டும், கிளினிக்குக்கு அழைத்துப் போகட்டும், துணி துவைக்கட்டும். விருந்தாளியாக உட்காரவைத்துச் சோறு போட்டு அனுப்பாதீர்கள்.

ஊருக்கு உபதேசம் செய்ய எழுந்தோம் என்று நினைக்க வேண்டாம். நாமும் விலக்கல்ல. நம் மூத்த மகள் பிறந்த இரவில் நாம் பக்கத்து டவுனில் ஒரு கூட்டத்து விருந்தில் இருந்தோம். விருந்து என்றால் விளங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் வலி கண்டுவிட்டது. பக்கத்து வீட்டு இந்தோனேசியத் தோழர் ஒருவர், நம் மொழி நான்கு வார்த்தை மட்டும் தெரிந்தவர், தம் முதலாளியிடம் கெஞ்சி லாரி வாங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தார். நாம் போய்ச் சேர்ந்தபோது விடிந்துவிட்டது. பிள்ளையைக் கையில் வாங்கப் போனோம். நர்சு நம் வாய் வாடையைக் கண்டு, "பிறகு தருகிறேன்" என்று திருப்பி வைத்துவிட்டாள். வீட்டுக்காரி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஏசியிருந்தால்கூட ஆறியிருக்கும். அந்தப் பிள்ளைக்கு இப்போது பத்து வயது. அந்த நர்சின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. இதை இங்கே சொல்லலாமா என்று வீட்டில் கேட்டோம். "சொல்லுங்கள், அப்போதுதான் மற்றதை நம்புவார்கள்" என்ற பதில் வந்தது.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறோம். புருஷனும் பெண்சாதியும் பிள்ளை பிறக்குமுன்னே உட்கார்ந்து, இருவரும் சேர்ந்து பிள்ளை வளர்ப்பது எப்படி என்று பேசிவைத்துக்கொள்வதைப் பல நாடுகளில் ஒரு வகுப்பாகவே நடத்துகிறார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார், முதல் பிள்ளையை எதிர்பார்க்கும் தம்பதிகளுக்குப் பேறுக்கு முன்னும் பின்னும் இப்படி நடத்திப் பார்த்திருக்கிறார்கள். அது பணக்கார நாடு, நமக்கு ஒத்து வருமா என்பீர்கள். ஆப்பிரிக்காவில் ருவாண்டா இருக்கிறது. நம்மைவிட ஏழை நாடு. அங்கே 'பண்டேபெரெஹோ' என்ற பெயரில் இளம் தகப்பன்மாரையும், தகப்பனாகப் போகிறவர்களையும், அவர்கள் மனைவிமாரையும் ஊர் ஊராகக் கூட்டிப் பேசவைத்தார்கள். 2018-ல் வெளியான அதன் ஆய்வுப்படி, கலந்துகொண்ட குடும்பங்களில் மனைவியை அடிப்பது குறைந்தது. கர்ப்ப காலச் சோதனைக்குப் புருஷன் துணைக்குப் போவது கூடியது. பெரிய டாக்டர்கள் வந்து நடத்தியதல்ல அது. அந்த ஊர்களிலேயே இருந்த தகப்பன்மாரைப் பழக்கி நடத்தியது. அதைப் படித்தபோதுதான் நம் கிளையிலும் முடியும் என்ற துணிவு எங்களுக்கு வந்தது.

பேச என்ன இருக்கிறது என்று இளைஞர்கள் கேட்கலாம். நிறைய இருக்கிறது. இராத்திரி பிள்ளை அழுதால் எழுவது யார்? இருவரும் நாலரைக்கு எழ வேண்டியவர்கள். முன்னிரவு ஒருவர், பின்னிரவு ஒருவர் என்று இப்போதே முடிவு செய்யுங்கள். அவள் வேலைக்குத் திரும்பியபின் பிள்ளையை யாரிடம் விடுவது, தூக்கிக்கொண்டு போவது யார்? மாமியார் ஒன்று சொல்லி, மனைவி ஒன்று சொன்னால் புருஷன் எந்தப் பக்கம்? இதைப் பேசாமல் விட்டவர்களே அநேகர். பேசாமல் விட்ட பிறகு, சண்டை என்று வந்ததும் புருஷன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறான். அவன் போய்ச் சேரும் இடம் உங்களுக்குத் தெரியும்.

அடுத்தது பணம். முன்பு சம்பள மேசையில் எண்ணிக் கொடுத்தோம். மனைவிமார் மேசைக்குப் பின்னாலேயே முந்தானையை ஏந்தி நின்றார்கள். இப்போது வங்கியில் விழுகிறது. அட்டை யார் கையில், இரகசிய எண் யாருக்குத் தெரியும் என்பதே கேள்வி. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. நாளொன்றுக்குப் பத்து வெள்ளிக்குக் குடிக்கிறவர் மாதத்தில் 300 வெள்ளியைத் தொலைக்கிறார். ஒன்பது மாதத்துக்கு 2,700 வெள்ளி. ஒன்றரை மாதச் சம்பளத்துக்கு மேல்! அந்தப் பணத்தில் தொட்டிலும் பாலும் போக, மிச்சத்துக்கு ஒரு பழைய சலவை இயந்திரமும் வாங்கலாம். கணக்குப் பார்த்த எங்களுக்கே திகைப்பாக இருந்தது.

குடியைப் பற்றிப் பேசும் வேளையையும் அறிந்து பேச வேண்டும். தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. அவர் தள்ளாடி வரும்போது கேட்காதீர்கள். அப்போது பேசுவது போத்தல். மறுநாள் மாலையில், குளித்துச் சாப்பிட்ட பிறகு, அதுவும் சம்பளத்துக்கு இரண்டு மூன்று நாள் முந்தி கேளுங்கள். "குடிகாரா" என்று தொடங்கினால் அத்தோடு பேச்சு முடிந்துபோகும். "எட்டாம் மாதம் நடக்கிறது, இராத்திரி வலி எடுத்தால் வண்டி ஓட்ட நீங்கள் நிதானமாக இருக்க வேண்டும், எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள். பயத்தைச் சொன்னால் இறங்கி வருகிற ஆண்பிள்ளைகள் நம்மில் அநேகர். முழுவதும் விட முடியாது என்கிறவரிடம், கடைசி இரண்டு மாதமும் பிறந்து மூன்று மாதமும் மட்டுமாவது ஒரு சொட்டும் கூடாது என்று வாங்கிக்கொள்ளுங்கள். நாள்காட்டியில் குடிக்காத நாளுக்கு ஒரு கோடு அவரே போடட்டும். அந்தக் கோட்டை அழிக்க அவருக்கே மனம் வராது.

இங்கே ஒரு எச்சரிக்கை. பல வருஷமாக, காலையில் எழுந்ததும் ஒரு வாய் ஊற்றினால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர், இந்தப் பேச்சைக் கேட்டு இன்றிரவே திடீரென்று நிறுத்திவிடக் கூடாது. இரண்டு மூன்று நாளுக்குள் வியர்த்து, நடுங்கி, இல்லாதது கண்ணில் தெரிந்து, வலிப்புக்கூட வரும். உயிருக்கே ஆபத்து. முதலில் அரசாங்கக் கிளினிக்குக்குப் போய் டாக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். மருந்து கொடுத்து நிறுத்தும் வழி அவர்களுக்குத் தெரியும். வெட்கப்பட வேண்டியதில்லை. மலேரியாவுக்குப் போக வெட்கப்பட்டோமா?

மலிவுச் சரக்கைப் பற்றியும் ஒன்று. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் மாண்டார்கள். நேப்பாளம், வங்காளதேசம், மியன்மாரிலிருந்து உழைக்க வந்த ஏழைகள் அவர்களில் அநேகர். மெத்தனால் பிழைத்தவனின் கண்ணையும் பறித்துவிடும். கண் போன வெட்டுக்காரனுக்கு எந்தத் தோட்டத்தில் நிரை கொடுப்பார்கள்?

தாய்மார்களும் கோபிக்காமல் கேளுங்கள். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது தாய் குடிப்பது பிள்ளையின் மூளையைக் கெடுக்கும். இவ்வளவு குடித்தால் பாதகமில்லை என்று ஓர் அளவு கிடையாது. பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்குச் சூடு என்று பிராந்தி ஊற்றிக் கொடுக்கும் பாட்டிமார் இன்றும் இருக்கிறார்கள். அது தாய்ப்பாலில் போய்ச் சேரும். மிளகு இரசம் போதும், பாட்டி! (சிரிப்பு)

சட்டம் கொடுத்திருப்பதையும் வாங்கிக்கொள்ளத் தெரிய வேண்டும். 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து தீபகற்பத்தில் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்திருக்கிறது. தகப்பனுக்கும் சம்பளத்தோடு தொடர்ந்தாற்போல் ஏழு நாள் விடுப்பு உண்டு. ஒரே முதலாளியிடம் பன்னிரண்டு மாதம் வேலை செய்திருக்க வேண்டும், பேறுகால நாளுக்கு 30 நாள் முந்தித் தெரிவிக்க வேண்டும், ஐந்து பேறு வரை கிடைக்கும். விண்ணப்பம் எழுதத் தெரியாவிட்டால் ஆபீசுக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம். ஆனால் ஒன்று கேட்கிறோம். போராடி வாங்கிய அந்த ஏழு நாளை ஏழு நாள் விருந்தாக்கிவிடாதீர்கள். பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் கூட்டாளிகளுக்கு 'பார்ட்டி' வைத்து, விடுப்பு முடியும்வரை தெளியாமல் கிடந்த ஒருவரை நாங்கள் அறிவோம். அவர் மனைவிக்கு வயிற்றில் தையல் போட்டிருந்தது. தண்ணீர் தூக்கியது அவள்தான்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம் எங்களைச் சேரும். போன மாதம் இதே விஷயத்தைப் பெண்கள் பகுதியில் பேசியபோது, வயதான அம்மா ஒருவர் எழுந்து, "எங்கள் காலத்திலிருந்தே, நீ பொறுத்துப் போ என்றுதான் சொல்கிறீர்கள். இந்த வகுப்பும் அதையே சொல்லப் போகிறதா?" என்று கேட்டார். நாங்கள் தலைகுனிந்தோம். அந்த அம்மாவுக்கு இன்று எல்லார் முன்னிலையிலும் பதில் சொல்கிறோம். சேர்ந்து பிள்ளை வளர்ப்பது என்ற பேச்செல்லாம் கை ஓங்காத வீட்டுக்கு. அடிக்கிறவனோடு உட்கார்ந்து சமரசம் பேசு என்று எந்தப் பெண்ணையும் இந்தக் கிளை அனுப்பாது. 1994-ம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. 15999 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் போன் செய்யலாம். கிளினிக்கில் பிங்க் புத்தகம் எழுதும் நர்சிடம் தனியாகச் சொல்லலாம். போலீஸ் நிலையத்துக்குத் துணை வேண்டுமானால் செயற்குழுவில் இருவர் வருவோம். அடித்தவர் சங்க உறுப்பினராக இருந்தாலும் வருவோம். செயற்குழு உறுப்பினராக இருந்தாலும் வருவோம். இதை எழுதி நோட்டீசுப் பலகையில் ஒட்டியிருக்கிறோம்.

குடியை விடச் சொல்லும் சங்கம், தானும் சிலவற்றை விட வேண்டும் அல்லவா? இனி கிளையின் வருடாந்திர விருந்தில் மது கிடையாது என்று போன வாரம் செயற்குழுவில் தீர்மானம் கொண்டுவந்தோம். நான்கு பேர் ஆதரவு, மூன்று பேர் எதிர்ப்பு. ஒரு வாக்கில் நிறைவேறியது. எதிர்த்த மூவரும் நல்ல தொழிற்சங்கவாதிகள். நாள் முழுவதும் கொசுக்கடியில் நின்றவனுக்கு ஒரு கிளாஸ் பீர்கூடவா கூடாது என்று கேட்டார்கள். உடம்பு வலியும் மனச்சோர்வும் உண்மை என்பதை ஒப்புக்கொண்டோம். அதற்காகத்தான் பழைய ஆயாக்கொட்டகையைச் சுத்தம் செய்து, மாலை நேரத்தில் கேரம் பலகையும் டீயும் வைக்கலாம் என்று அவர்களே ஒரு யோசனை சொன்னார்கள். டீத்தூள் செலவு சங்கத்தைச் சேர்ந்தது. சர்க்கரையை அவரவர் கொண்டு வரவும்.

வகுப்பு வருகிற மாதம் முதல் ஞாயிறு, மாலை நாலு மணிக்கு அதே கொட்டகையில் தொடங்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பேறுக்கு முன் நான்கு தடவை, பின் இரண்டு தடவை. ஆறாம் மாதம் நடக்கும் தம்பதிகள் சேரலாம். தனியாகப் பெண் மட்டும் வந்தாலும் சேர்த்துக்கொள்வோம். தனியாகப் புருஷன் மட்டும் வந்தால் டீயோடு சேர்த்துக்கொள்வோம். கிளினிக் நர்சு ஒருவர் ஒரு நாள் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மற்ற நாட்களில் நடத்தப் போகிறவர்கள் நம் தோட்டத்துத் தகப்பன்மார் இருவர். ஒருவர் குடியை விட்டு ஆறு வருஷம் ஆனவர். இன்னொருவர் பதினோரு மாதம். அந்தப் பதினோரு மாதக்காரர் தாம் பேசத் தகுதியற்றவர் என்று மறுத்தார். ஆறு வருஷக்காரர், "பாதை ஈரமாக இருக்கும்போதே காட்டுகிறவன்தான் வேண்டும்" என்று இழுத்து வந்துவிட்டார்.

இராத்திரி வண்டிக்கும் ஓர் ஏற்பாடு. கார் வைத்திருக்கும் நால்வர் பெயரும், எந்த வாரம் யார் நிதானமாக வீட்டில் இருப்பார் என்பதும் ஒரு தாளில் எழுதி, நாள் நெருங்கிய வீடுகளுக்குக் கொடுக்கப்படும். முதல் வாரம் எங்கள் பெயர். ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை பிந்திப் போனது போதும்.

இதுவரை மூன்று தம்பதிகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். நாலாவதாக ஒரு பெண் பெயர் கொடுத்துவிட்டுப் புருஷன் பெயருக்கான இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறாள். அந்தத் தம்பி இப்போது இந்தக் கூட்டத்தில் பின்வரிசையில் தூணோரமாக நிற்கிறார் என்று அறிகிறோம். பெயரைச் சொல்லமாட்டோம். நோட்டுப் புத்தகம் மேசைமேல் திறந்தே இருக்கும், பேனா பக்கத்தில் இருக்கிறது. கூட்டம் கலையும்போது எல்லாரும் டீக்குப் போவார்கள், மேசையருகில் யாரும் இருக்க மாட்டார்கள்.